ஓரெழுத்து வித்தியாசம்

திருவள்ளூரிலிருந்து ஆவடி போகிற சாலையில் காக்களூர் நெருங்கியதும் ஆங்கிலம் குட்டையாகிவிடுகிறது. ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர் ‘சிட்கோ’ என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வேறெதுவும் கேட்பதில்லை. புதிதாக வேலை தேடி வருகிறவரின் பேச்சு இ.எஸ்.ஐ. உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா, ஓ.டி. எவ்வளவு என்று எழுத்து எழுத்தாகவே நடக்கிறது. அந்த எழுத்துகளின் விரிவு தெரியாமலே இருபது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அதனால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

சிட்கோ என்பது 1970-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். இன்று அது ஏறக்குறைய ஊர்ப்பெயர். அதைவிட ஐந்து வயது மூத்தது டிட்கோ. ஒரு வயது இளையது சிப்காட். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பலருடைய முகவரியில் பாதி அதுதான். டிட்கோவுக்கும் சிட்கோவுக்கும் இடையே தலையெழுத்து ஒன்றுதான் வேறு. ஆனால் முன்னது பெருந்தொழிலுக்கு, பின்னது சிறுதொழிலுக்கு. ஓரெழுத்து மாறினால் கூரையின் உயரமே மாறிவிடுகிறது.

கம்பெனி கேட்டைத் தாண்டியதும் நிலைமை தலைகீழ். உள்ளே ஆங்கிலம் நீளத் தொடங்குகிறது. டிரம்மில் ஒட்டிய தாளில் முப்பது, நாற்பது எழுத்துள்ள ரசாயனப் பெயர்கள். மூட்டையில் பொடி எழுத்தில் ஒரு பத்தி. சூப்பர்வைசர் அறையின் பீரோவில், எல்லோரும் ‘எம்.எஸ்.டி.எஸ்.’ என்று மட்டும் சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாள். அதில் பதினாறு பிரிவுகள். குட்டை எழுத்துகளின் பொருள் தெரியாவிட்டாலும் சம்பளம் வந்து சேர்ந்துவிடும். நெட்டைச் சொற்களின் விஷயம் அப்படியல்ல. நம் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் சேர்ந்து இந்த நெட்டைச் சொற்களை வெறும் எழுத்துக் கூட்டமாக்கி வைத்திருக்கின்றன. உடைத்துப் பொருள் சொல்லும் வேலையை இரண்டுமே செய்யவில்லை.

எழுத்துகளை எண்ணி விளையாடுவதில் ஆங்கிலேயர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் தனி ஆசை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் அதே வரிசையில் வரும் சொல் எது? ‘ஃபெசீஷியஸ்’. இடம் தெரியாமல் நக்கலடிப்பது என்று பொருள். ஐந்தும் வரிசை மாறி, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும் சொல் நமக்கு நன்றாகவே தெரிந்த ‘எஜுகேஷன்’. எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத நீண்ட சொற்களில் ஒன்று ‘அன்காப்பிரைட்டபிள்’, பதினைந்து எழுத்து. காப்புரிமை கோர முடியாதது என்று அர்த்தம். அதே பதினைந்து எழுத்தில் இன்னொன்று ‘டெர்மடோகிளிஃபிக்ஸ்’. விரல் ரேகைகளின் இயல். 1926-இல் உருவாக்கப்பட்ட இந்தச் சொல்லை காக்களூரில் யாரும் உச்சரிப்பதில்லை. ஆனால் காலை ஷிப்டுக்குப் பஞ்ச் வைக்கும்போது, கெமிக்கலிலும் இரும்பிலும் தேய்ந்த கட்டைவிரலை மெஷின் ஏற்க மறுக்க, துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறாரே ஒருவர், அவர் அந்த இயலோடுதான் மல்லுக்கட்டுகிறார்.

2018 அக்டோபரில் சசி தரூர் தன் புதிய புத்தகத்தை அறிவிக்கும்போது இருபத்தொன்பது எழுத்துச் சொல் ஒன்றை ட்விட்டரில் எடுத்து வீசினார்: ‘ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்’. நாடே அகராதியைப் புரட்டியது. ஒன்றைத் துச்சமாக மதிப்பது என்பதுதான் பொருள். அதில் ‘ஐ’ ஒன்பது முறை வருகிறது. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் ‘ஈ’ ஒருமுறைகூட இல்லை. துச்சம் என்று பொருள் தரும் நான்கு லத்தீன் துண்டுகளை வரிசையாகக் கோத்த சொல் அது. ‘துச்சதுச்சதுச்சதுச்சமாக்கல்’ என்று தமிழில் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி.

தமிழுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். உதடு குவியாமல், ஒட்டாமல் பாடி முடிப்பது நிரோட்டகம். தகர வரிசையை மட்டும் வைத்துப் பாட்டுக் கட்டியவர் என்று காளமேகத்துக்குப் பெயர். தண்டியலங்காரம் இவற்றைச் சித்திரக்கவி என்று வகைப்படுத்துகிறது. அங்கே ஒரு கட்டாயம் இருந்தது. எழுத்தை எவ்வளவு முறுக்கினாலும் பொருள் நின்றாக வேண்டும். சபையில் எழுந்து உரை சொல்ல முடியாத பாட்டுக்கு மரியாதை கிடையாது. இன்றைய பொது அறிவுப் போட்டிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. நீளம் எவ்வளவு, மூச்சு விடாமல் சொல்வாயா, கைதட்டு. அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பிரபலமான நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லுக்கு வருவோம்.

நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ். பொது அறிவுப் புத்தகங்களில் ‘ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்’ என்று கட்டம் கட்டிப் போடப்படுவது. பள்ளி ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைக் கடகடவென்று ஒப்பிக்கும். மைக் பிடித்த ஆசிரியர் ‘சூப்பர்!’ என்பார். அது எதைக் குறிக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டால் ‘ஒரு வியாதி’ என்று பதில் வரும். என்ன வியாதி, யாருக்கு வரும்? மேடையில் யாரும் கேட்பதில்லை.

துண்டாக்கினால் எளிது. நியூமோனோ என்றால் நுரையீரல். அல்ட்ராமைக்ரோஸ்கோபிக் என்றால் நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவு சிறிய. சிலிகோ என்பது சிலிக்கா, மணலிலும் படிகக்கல்லிலும் இருப்பது. வால்கனோ எரிமலை. கோனி என்பது கிரேக்கத்தில் தூசி. ஓசிஸ் என்ற வால் நோய்நிலையைக் காட்டுவது. சேர்த்தால், கண்ணுக்குப் புலப்படாத எரிமலைச் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். நடுவே நிற்கும் எரிமலை வெறும் அலங்காரம். அதையும் நுண்ணோக்கியையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது சிலிகோசிஸ். அதற்கு எரிமலைப் பக்கம் போக வேண்டியதில்லை, கல்குவாரியே போதும்.

தமிழில் ‘நுரையீரல்’ என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்க்கலாம். நுரை போன்ற ஈரல். அறுத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர். பஞ்சு போல், நுரை போல் காற்றுக் குமிழ்கள் நிறைந்த உறுப்பு என்பது பெயரிலேயே இருக்கிறது. அந்த நுரைக்குள் கல்தூள் புகுந்தால் என்ன ஆகும் என்று விளக்கக் கிரேக்கம் தேவைப்படாது. தூள் உள்ளே தங்கும், சுற்றியுள்ள திசு தழும்பாகும், நுரை இறுகிக் கல்லாகும். ஒருமுறை இறுகிய இடம் பழைய நிலைக்குத் திரும்பாது. அதை மாற்றும் மருந்தும் இல்லை. தடுப்பது மட்டும்தான் வழி.

அந்த நீளச் சொல்லை மருத்துவர் எவரும் உருவாக்கவில்லை என்பது வேடிக்கை. 1935 பிப்ரவரியில் அமெரிக்காவின் தேசியப் புதிர் விளையாட்டாளர் சங்கம் நியூயார்க்கில் கூடியபோது, அதன் தலைவர் எவரெட் ஸ்மித் அகராதியிலேயே நீளமான சொல் ஒன்று வேண்டும் என்பதற்காகவே இதைக் கட்டி அவிழ்த்துவிட்டார். நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் செய்தி போட்டது. பிறகு அகராதிகளும் சேர்த்துக்கொண்டன. ‘ஓ’ ஒன்பது முறை வரும் ஒரு விளையாட்டுப் பொம்மை.

அதே ஆண்டுகளில் அதே நாட்டில் சிலிகோசிஸ் பொம்மையாக இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், 1930-இல் மலையைக் குடைந்து ஒரு சுரங்க வழி அமைக்கத் தொடங்கினார்கள். ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுத்து ஓர் உலோக ஆலைக்குக் கொடுப்பது நோக்கம். குடைந்த பாறை பெரும்பாலும் சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும், ஆனால் வேலை தாமதமாகும் என்பதால் உலர்ந்த பாறையைத் துளைக்க வைத்தார்கள். முகக்கவசம் இல்லை. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். செத்தவர்கள் எத்தனை பேர்? ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு 109. 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது பேசப்பட்ட கணக்கு 476. ஐம்பது வருஷம் கழித்து ஒரு மருத்துவ ஆய்வாளர் போட்ட கணக்கு 764. மின்சாரம் போய்ச் சேர்ந்த ஆலையின் உரிமையாளர் யூனியன் கார்பைடு.

பெயர் பழக்கமானதுதான். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் கசிந்தது அந்தக் குழும ஆலையின் மீத்தைல் ஐசோசயனேட். அங்கே இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளர்கள் பலருக்கு இந்தி மட்டுமே ஓடும். கசிவுக்குக் காரணம் மொழி என்று யாரும் சொல்ல முடியாது. பாதுகாப்புக் கருவிகளே அணைக்கப்பட்டும் பழுதாகியும் கிடந்தன. ஆனால் தொட்டியில் இருப்பது என்ன, அது என்ன செய்யும் என்பது வேலை செய்தவர்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அவர்கள் மொழியில் சொல்லப்படவில்லை என்பது அதற்குப் பிறகு மறைக்க முடியாத விஷயமாயிற்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டபோது புதிய பிரிவுகள் நுழைந்தன. ஆபத்தான பொருள்களைப் பற்றித் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் தகவல் சொல்வது ஆலை நடத்துகிறவரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை.

ஓசிஸ் வால் உள்ள சொற்கள் ஒரு குடும்பம். கல்தூசியால் வந்தால் சிலிகோசிஸ். ஆஸ்பெஸ்டாஸ் நாரால் வந்தால் ஆஸ்பெஸ்டோசிஸ். பஞ்சாலைத் தூசியால் வந்தால் பிஸினோசிஸ். பைசஸ் என்றால் கிரேக்கத்தில் மெல்லிய துணி. கோவை மில்களில் திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனால் மார்பு இறுகும் என்று பழைய தொழிலாளிகள் சொல்வார்கள். மருத்துவ நூல்களிலும் அந்த நோயின் தொடக்க அடையாளம் திங்கட்கிழமை இறுக்கம்தான். வால் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. எந்தத் தூசி, எந்த ஆலை என்பதைத் தலைப்பகுதி சொல்கிறது. நோய் என்பதை வால் சொல்கிறது. இந்த ஒரு சூத்திரத்தை எட்டாம் வகுப்பில் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நாற்பத்தைந்து எழுத்தை மனப்பாடம் செய்ய வைக்க ஆகிற நேரத்தைவிடக் குறைவு.

எழுத்துக்கும் இந்த நோய்க்கும் இன்னொரு கொடூரமான உறவு உண்டு. ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் சிலேட்டில் பலப்பத்தால் எழுதித்தான் அ, ஆ படித்தார்கள். வட இந்தியப் பள்ளிகளுக்குச் சிலேட்டுக் குச்சிகள் போன ஊர்களில் ஒன்று மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர். அங்கே கல்லைக் குச்சியாக அறுத்த தொழிலாளர்களைத் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் பரிசோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ் இருந்தது. இளவயதுக்காரர்கள். யாரோ எழுதப் பழகுவதற்காக யாரோ மூச்சு விடுவதை மறந்தார்கள்.

கும்மிடிப்பூண்டிக்கு இது தூரத்துக் கதை அல்ல. அங்கே இரும்பு உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ்கள் இருக்கின்றன. உலையின் உட்சுவருக்கு அடித்து இறுக்கும் பொருளுக்கு ‘ரேமிங் மாஸ்’ என்று பெயர். அது பெரும்பாலும் படிகக்கல் பொடி, அதாவது ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. லைனிங் தேய்ந்ததும் பழையதை உடைத்தெடுத்துப் புதியதைக் கொட்டி இடிக்க வேண்டும். கொட்டும்போது எழும் வெள்ளைப் புகை புகையே அல்ல. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1997-இல் அந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. மூட்டைமேல் இருக்கும் வார்த்தை ‘ரேமிங் மாஸ்’ மட்டும் என்றால், அதைத் தூக்கும் ஹெல்பருக்கு அது மண், அவ்வளவுதான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். துண்டு நிறுத்துவது கண்ணுக்குத் தெரிகிற தூசியை. நுரைக்குள் போகிற தூசி கண்ணுக்குத் தெரியாதது.

பத்து வருஷம் கழித்து இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். டி.பி. என்று எழுதிக்கொடுப்பார்கள். சிலிகோசிஸ் இருப்பவருக்கு டி.பி. எளிதில் தொற்றும் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றுபோல் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் சீட்டில் எந்தச் சொல் விழுகிறது என்பதில்தான் பணம் இருக்கிறது. டி.பி. என்றால் அது உங்கள் விதி. சிலிகோசிஸ் என்றால் அது தொழில்சார் நோய். அரசுக்கு அறிவிக்க வேண்டியது, இழப்பீட்டுக்கு உரிய நோய்களின் அட்டவணையில் இருப்பது. இரண்டு எழுத்துச் சுருக்கத்துக்கும் ஒரு நெட்டைச் சொல்லுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகை நிற்கிறது. 1700-இல் இத்தாலிய மருத்துவர் ரமசீனி, நோயாளியிடம் ‘என்ன வேலை பார்க்கிறாய்?’ என்று கேளுங்கள் என்று தன் சக மருத்துவர்களுக்கு எழுதிவைத்தார். முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. நம் வெளிநோயாளிச் சீட்டுகளில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இருந்தால் நல்லது.

நீளத்தைவிட ஆபத்தானது ஒற்றுமை. பெட்ரோல் டேங்கரின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று சிவப்பில் எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆங்கிலத்தில் ‘இன்’ முன்னால் வந்தால் பொதுவாக ‘இல்லை’ என்று பொருள். இன்விசிபிள், கண்ணுக்குத் தெரியாதது. இன்வாலிட், செல்லாதது. அந்தக் கணக்கில் இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்றாக வேண்டும். ஆனால் அந்தச் சொல்லில் ‘இன்’ எதிர்மறை அல்ல. லத்தீனில் ‘உள்ளே தீ மூட்டு’ என்பதிலிருந்து வந்தது. ஃப்ளேமபிளும் இன்ஃப்ளேமபிளும் ஒன்றே. அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவரைத்தான் இது ஏமாற்றும். ஒன்றுமே தெரியாதவர் சிவப்பு நிறத்தைப் பார்த்து ஒதுங்கிவிடுவார். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே இந்த ‘இன்’ வேண்டாம் என்று விட்டுவிட்டது. நம் லாரிகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்லவேளையாகப் பல டேங்கர்களில் அதன் அருகிலேயே ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்று தமிழில் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களில் எந்தக் குழப்பமும் இல்லை.

காக்களூருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2024 மே மாத இறுதியில் இங்குள்ள சிட்கோவில் ஒரு பெயின்ட் ஆலை பற்றி எரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை ஒரு பலகையின்மேல் போடுவது நியாயமல்ல. பெயின்ட் தொழிலில் புழங்கும் பொருள்களின் பெயர்களை மட்டும் பார்க்கலாம்: டொலுயீன், சைலீன், அசிட்டோன். ஷாப் ஃப்ளோரில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘தின்னர்’ என்று ஒரே பெயர். ‘தம்பி, தின்னர் டப்பாவை மூடி வை’ என்கிற மூத்த ஆப்பரேட்டரின் அதட்டல் எந்தப் பாதுகாப்புத் தாளைவிடவும் வேலை செய்கிறது. ஆனால் அந்த மூத்தவர் லீவில் இருக்கும் நாளில், நேற்றுக் கான்ட்ராக்டில் சேர்ந்த பையனுக்கு யார் சொல்வது? திரவத்தைவிட அதன் ஆவிதான் முதலில் பற்றும், ஆவி தரையோடு தரையாக நகர்ந்து தூரத்து வெல்டிங் பொறியைத் தேடிப் போகும் என்று டப்பாவின் மேல் எந்த மொழியில் இருக்கிறது?

ஒற்றுமையின் உச்சம் எத்தனாலும் மெத்தனாலும். ஆங்கிலத்தில் முன்னால் ‘எம்’ ஒன்று கூடுதல். தமிழில் ‘எ’ போய் ‘மெ’. பார்க்கத் தண்ணீர் போலிருக்கும் இரண்டும், மணத்திலும் ஏறக்குறைய ஒன்று. எத்தனால் போதை தரும். மெத்தனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைச் சுடும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது கள்ளச்சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை விளக்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே பொருள் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மருத்துவத்தில் ஒரு விசித்திரம் உண்டு: மெத்தனால் விஷத்துக்கு முறிவாகக் கொடுக்கப்படுபவற்றில் ஒன்று எத்தனால். ஈரலில் இருக்கும் நொதி எத்தனாலை முதலில் கவனிக்கப் போய்விடுவதால் மெத்தனால் விஷமாக மாறுவது தாமதப்படும். எழுத்து ஒன்று கூடினால் விஷம், குறைந்தால் முறிவு. மெத்தில் என்ற சொல்லே 1834-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கிரேக்கத்தின் மதுவையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிய ‘மெத்திலீன்’ என்பதிலிருந்து வந்தது. மரக்கள் என்று தமிழில் வைத்திருந்தால் இன்னும் அதிகம் பேர் ஏமாந்திருப்பார்கள். ஆகவே எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பதும் தீர்வல்ல.

இந்தக் குழப்பத்தைக் கடக்க உலகம் கண்ட ஒரு வழி எழுத்தைக் கைவிடுவது. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் போகும் ரசாயன டேங்கர்களின் அவசரத் தகவல் பலகையில் நான்கு இலக்க ஐ.நா. எண் இருக்கும். பெட்ரோல் 1203. எத்தனால் 1170. மெத்தனால் 1230. அமோனியா 1005. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊர் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்களே, அந்த 1005. தீயணைப்பு வீரருக்கு இந்த எண் போதும். தீச்சுவாலை, மண்டையோடு, மார்பில் வெடிப்பு விழுந்த மனித உருவம் என்று படங்களும் ஐ.நா. 2003-இல் வகுத்த முறையில் உண்டு. படமும் எண்ணும் நல்லவை. ஆனால் மார்பு வெடித்த உருவத்தைப் பார்த்து ‘ஹார்ட் அட்டாக் வருமா?’ என்று கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. படத்துக்கும் ஒருவர் ஒருமுறையாவது உரை சொல்லியாக வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் ஊமை அல்ல. தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்கு வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. நல்ல பிரிவு, 1948-க்குப் பொருத்தமான பிரிவு. இன்று காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஒரு ஷெட்டில் முப்பது பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினான்கு பேர் தமிழ், ஒன்பது பேர் ஒடியா, ஏழு பேர் இந்தி. யார் பெரும்பான்மை? அப்படியே தமிழ்தான் என்று வைத்தாலும், ஆபத்தான வேலைக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சிறுபான்மைதான். உலை லைனிங் உடைப்பவர், தொட்டிக்குள் இறங்குபவர், டிரம் கழுவுபவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும். 2025 நவம்பர் 21 முதல், பழைய சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெயரே ஒரு வரி நீளம். அதிலும் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் இருக்கிறது, சிலிகோசிஸும் இருக்கிறது. பெரும்பான்மை மொழி என்பது போதாது; அந்த வேலையை யார் செய்கிறாரோ அவருடைய மொழி என்று மாநில விதிகளில் எழுதிவிட வேண்டும்.

முதலாளிகள் பக்கத்திலிருந்து வரும் பதில் தெரிந்ததே: ‘எங்க ஆளுங்களுக்கு எல்லாம் அத்துப்படி சார்.’ பழைய ஆட்களுக்கு அத்துப்படிதான். வாசனையிலேயே சொல்லிவிடுவார்கள். வாசனை பிடித்துக் கற்றுக்கொள்வது என்றால் முதல் சில தவணை நுரையீரல் கட்டுகிறது என்று அர்த்தம்.

தமிழ் ஆர்வலர்களுக்கும் ஒரு சொல். ‘தனிநபர் பாதுகாப்புச் சாதனங்கள் அணிவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது’ என்று ஆலை வாசலில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அது ஆங்கிலத்தின் நெட்டைச் சொல்லுக்குத் தமிழில் தைத்த அதே அளவுச் சட்டை. ‘ஹெல்மெட், கண்ணாடி, கிளவுஸ் இல்லாமல் உள்ளே வராதீர்கள்’ என்றால் முடிந்தது. மூன்று இரவல் சொற்கள் இருக்கின்றன, ஒன்றுகூடக் குழப்பாது. சிலிகோசிஸுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடிக் குழு போடுவதற்கு முன்னால், ‘இந்தத் தூள் நெஞ்சில் போனால் வெளியே வராது’ என்று மூட்டை அடுக்கும் சுவரில் எழுதலாம்.

அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் நினைத்தால், சிட்கோவில் புழங்கும் ஐம்பது பொருள்களுக்குத் தலா இரண்டு வரி எழுதி எல்லா ஷெட்டுக்கும் கொடுத்துவிட முடியும்: இது என்ன, என்ன செய்யும். பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும் ஜோடிகளை, நைட்ரேட் – நைட்ரைட், குளோரைடு – குளோரேட், எத்தனால் – மெத்தனால் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறும் எழுத்தை மட்டும் சிவப்பில் பெரிதாகப் போடலாம். பள்ளிக்கூடங்களில் ஒப்பிக்கும் போட்டிக்குப் பதிலாக உடைக்கும் போட்டி வைக்கலாம். நாற்பத்தைந்து எழுத்தை யார் சரியாகத் துண்டாக்கிப் பொருள் சொல்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு.

பலகை எழுதத் திருவள்ளூர் பஜாரிலேயே ஆள் கிடைப்பார். ஒரு பலகைக்கு ஒரு லிட்டர் பெயின்ட்கூட ஆகாது. ஒடியாவில் எழுதத்தான் ஆள் இல்லை என்றால், அதே ஷெட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் பையன் ஒருவனிடம் பேப்பரையும் பேனாவையும் கொடுத்து, அவன் ஊரில் அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டால் போதும். அவன் எழுதிக்கொடுப்பதைப் பெயின்டர் பார்த்து வரைந்துவிடுவார்.